மணலில் கிடந்த சர்க்கரைப் பந்து

கேக் அலங்காரம் என்பது, கேட்பவரும் கண்டிராத, செய்பவரும் கண்டிராத ஒரு பொருளை, அதை நன்கு கண்ட ஒருவர் முன்னிலையில் சர்க்கரையால் செய்து வைக்கும் தொழில். கையில் க்ரீம் பையும் நெஞ்சில் படபடப்புமாக நின்று பழகிய அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கைகால் ஒட்டிக் கண் எழுதி ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி மல்லிகா வீட்டிலேயே கேக் செய்து விற்கத் தொடங்கியபோது, அலங்காரப் பொறுப்பை எவரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டேன். ஆசிரியர் எவரிடமும் பயின்றதில்லை. கைப்பேசியில் கண்டதும் கை அறிந்ததுமே என் கல்வி. அதுவரை நான் படைத்திருந்தவை சில ரோஜாப்பூக்களும் ஒரு டிராக்டரும்.

வெறும் கேக் அல்ல

எங்கள் தெருக்கோடியில் வசிக்கும் தனலட்சுமி அம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். அவருடைய மகன் கார்த்திக், பெங்களூரில் தன்னுடன் பணிபுரியும் பெண்ணை விரும்பியிருந்தான். ஞாயிறன்று பெண்ணின் பெற்றோர் சென்னையிலிருந்து முதன்முறையாக வீடு பார்க்க வருகிறார்கள். தந்தைக்குச் சம்மதம், தாயாருக்கோ இன்னும் மனம் ஒப்பவில்லை. அன்று அந்தத் தந்தைக்குப் பிறந்தநாள். அவர் கோல்ஃப் ஆடுபவராம். ஆகவே கோல்ஃப் மைதானம் போலவே ஒரு கேக் வேண்டும்.

"செய்துவிடலாம்" என்று சொல்லி முடித்த பிறகுதான் அந்த ஆட்டத்தை நான் கண்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அம்மையார் காட்டிய படத்தில் புல்வெளி, ஒரு கொடி, கொடியடியில் சிறு குழி, ஓரமாக ஒரு மணல் திட்டு, அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் ஒரு வெள்ளைப் பந்து ஆகியவை இருந்தன. என் முகத்தில் எதைக் கண்டாரோ, வாசல் வரை போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"அண்ணே, புள்ள மாசக்கணக்கா சரியா சோறு திங்கல. இது வெறும் கேக்கு இல்லீங்க, பாத்து செய்ங்க."

பச்சை என்னும் பகைவன்

சனிக்கிழமை புல் வளர்க்க அமர்ந்தேன். க்ரீமில் பச்சை வண்ணம் கலந்து, பல துளைகள் கொண்ட முனை வழியே பிதுக்கினால் புல் எழும். நிறம் வெளிறித் தெரிந்ததால் மேலும் சில சொட்டுகள் விட்டேன். பீங்கானில் பூசிய வண்ணம் சூளைக்குள் போனால்தான் மாறும். க்ரீமில் கலந்த வண்ணம் சும்மா வைத்தாலே அடர்ந்துகொண்டு போகும் என்பதை நான் அறியேன். போதாக்குறைக்கு வெயில் வேறு. என் உள்ளங்கைச் சூட்டில் க்ரீம் இளகி, நிமிர்ந்து நிற்க வேண்டிய புல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துவிட்டது.

மல்லிகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, புல்லு கேட்டா பாசி புடிச்ச கொளத்தை செஞ்சு வச்சிருக்கீங்க. இதுல மாடுகூட வாய் வைக்காது."

ஈரத்துணி

சுரண்டி எடுத்துவிட்டு இரண்டாம் முறை போட்ட புல் ஓரளவு புல்லாகவே வந்தது. அடுத்தது பந்து. ஃபாண்டண்ட் எனப்படும் சர்க்கரை மாவு, பிசைவதற்குக் களிமண் போலவே இருக்கும். அதைத் தொட்டதும் என் கைக்குப் பழைய மிடுக்கு திரும்பிவிட்டது. பொம்மைகளுக்குக் கண்குழி பதிக்கும் உருண்டைமுனைக் குச்சியைக் கழுவி எடுத்து, பந்து முழுவதும் குழிகள் பதித்தேன். அப்படியொரு அழகு! மல்லிகாவே வாய் திறவாமல் பார்த்தாள் என்றால் பாருங்கள்.

பெருமையோடு நிறுத்தியிருக்கலாம். பச்சைக் களிமண் பொம்மையை ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் மறுநாள் வெடித்துவிடும். வேலை முடிந்ததும் மூடுவது என் கைக்கு ஊறிப்போன பழக்கம். அன்றும் மூடினேன், நன்றாக நனைத்தே மூடினேன். ஞாயிறு காலையில் துணியைத் தூக்கியபோது, பந்தின் பாதி துணியோடு வந்தது. மீதி, ஒரு பக்கம் மட்டும் குழிகளோடு, தட்டில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. மாவு தீர்ந்துவிட்டது, அது எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை, கடலூரிலிருந்து வர வேண்டும். விருந்தினரின் கார் அந்நேரம் பாதி வழியைத் தாண்டியிருந்தது.

மல்லிகா துணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சர்க்கரைக்குப் போயி தண்ணித் துணியா? காப்பியே குடிச்சதில்லையா நீங்க?"

வெற்றி மணல்

அந்நிலையில்தான் படத்திலிருந்த மணல் திட்டு நினைவுக்கு வந்தது. நீளம் தாண்டும் போட்டியில் மணலில் போய் விழுவதுதானே வெற்றி? இவ்வாட்டத்திலும் அப்படியே இருக்கும் என்று தீர்மானித்தேன். மேரி பிஸ்கட்டைப் பொடித்துத் திட்டு அமைத்து, மிஞ்சிய பாதிப் பந்தின் கெட்டுப்போன பக்கத்தை அதில் புதைத்து, குழியுள்ள பக்கத்தை மேலே வைத்தேன். பார்த்தால் முழுப் பந்து மணலில் அமர்ந்திருப்பது போலவே இருந்தது.

தனலட்சுமி அம்மாள் வீட்டுக் கூடத்தில் கேக்கை வைத்ததும் அவர் கன்னத்தில் கைவைத்து வியந்தார். கார்த்திக் குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. பந்து மணலில் சிக்குவது இந்த ஆட்டத்தில் ஆகப் பெரிய சங்கடமாம். எவரும் விரும்பாத இடமாம், கையால் தொடாமல் மட்டையாலேயே தோண்டி எடுக்க வேண்டுமாம். எடுத்துப் புல்லில் வைத்துவிடுங்கள் என்றான். எடுத்தால் அடிப்பக்கம் தெரிந்துவிடும் என்று நான் எப்படிச் சொல்வேன்? நான் கையை நீட்டுவதும் மடக்குவதுமாக நின்றபோதே வாசலில் கார் வந்து நின்றது. அம்மையார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"பொறந்தநாளும் அதுவுமா மனுசன வம்புக்கு இழுத்த மாதிரி ஆயிடுச்சே அண்ணே."

வெட்டும் நேரம்

கேக்கை வெட்டித் தருவதற்காக என்னையும் மல்லிகாவையும் இருக்கச் சொல்லியிருந்தார்கள். இல்லையேல் நான் எப்போதோ நழுவியிருப்பேன். பெண்ணின் தாயார் உபசாரங்களுக்கெல்லாம் அளந்து தலையசைத்தார். காபி பாதியோடு நின்றது. கேக்கைத் திறந்ததும் பெண்ணின் தந்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். கொடியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். பந்தில் வந்து அவர் பார்வை நின்றது. கார்த்திக் சுவரைப் பார்த்தான்.

முதலில் சிரித்தவர், அந்தத் தாயார்தான். வாயைப் பொத்தியும் அடங்காமல் சிரித்து, தனலட்சுமி அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருங்க இவர் ஆட்டத்தை உங்களுக்குச் சொன்னது? வாராவாரம் போயி மணலைத்தான் தோண்டிட்டு வருவாரு!" என்றார். அவர் கணவரும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபடியே விரலை நீட்டிப் பந்தைக் கிள்ளி எடுத்தார். தட்டையான அடிப்பக்கமும் அதில் அப்பியிருந்த பிஸ்கட் தூளும் ஒரு கணம் என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தன. அடுத்த கணம் பந்து அவர் வாய்க்குள் இருந்தது. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"மணல்ல விழுந்த பந்தைக் கையால எடுக்குற பாக்கியம் இன்னிக்குத்தாங்க கிடைச்சுது. சம்பந்தியம்மா, நிச்சயத்துக்கு நாள் பாத்துடுவோமா?"

பீங்கானில் செய்த பிழை அலமாரியில் நின்று ஆயுளுக்கும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், கேக்கில் செய்த பிழையையோ எவரேனும் ஒரு நல்லவர் தின்று தீர்த்துவிடுவார் என்பதே இத்தொழிலில் நான் இதுவரை கண்ட ஒரே ஆறுதல்.