இரண்டு வகைக் கம்ப்யூட்டருக்கும் ஒரே சிடி

மலைமேல் உள்ள வாசலூர்பட்டியைச் சேர்ந்த அம்சவேணி 2004-இல் நாமக்கல்லில் தனசேகரனின் சாப்ட்வேர் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். சாமை, தினை விதைகளைப் பதிந்து வைக்க மலைப் பெண்கள் சங்கத்துக்கு அவர் ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். சங்கத்துக்கு நன்கொடையாக வந்த ஆறு கம்ப்யூட்டர்களில் பாதி விண்டோஸில் ஓடின, பாதி லினக்ஸில்; ஒன்றுக்குச் செய்தது மற்றதில் ஏறாது. ஒவ்வொன்றிலும் புரோகிராமை ஏற்ற எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி அவரே போக வேண்டியிருந்தது.

ஊர்ப் பெண்களே ஏற்றிக்கொள்ளும்படி ஒரு இன்ஸ்டாலர் செய்கிறேன் என்றாள் அம்சவேணி. இரண்டு வகைக்கும் ஒரே சிடி. எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று தமிழிலேயே கேட்கும்.

"படிச்சவங்களுக்கே தகராறு பண்ணுது. அவங்க எப்படிம்மா போடுவாங்க?" என்றார் தனசேகரன்.

அம்சவேணி மூன்று மாதத்தில் செய்து முடித்து, சிடியோடு ஊருக்குப் போனாள். சங்கத் தலைவி பொன்னம்மாள் எட்டாவது வரை படித்தவர். மவுஸை அன்றுதான் தொட்டார். சிடியைப் போட்டதும் திரையைப் பார்த்தார்.

"எழுத்தே காணமே கண்ணு. வெறும் கட்டங்கட்டமா இருக்குது."

அம்சவேணிக்கு முகம் செத்துப்போயிற்று. தமிழ் எழுத்தைத் திரையில் காட்டும் ஃபாண்ட் சிடிக்குள் இருந்தது. அது கம்ப்யூட்டரில் ஏறும் முன்பே கேள்விகள் வந்து நின்றுவிட்டன. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஃபாண்ட் ஏற்கெனவே இருந்ததால் இந்தக் கோளாறு அவள் கண்ணில் படவே இல்லை. திரும்பிப் போய், முப்பத்தொரு கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படமாக்கினாள். படத்துக்கு ஃபாண்ட் வேண்டியதில்லை.

அடுத்த வாரம் பொன்னம்மாள் கேள்விகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போனார். விதைப் படங்கள் வேண்டுமா, அவை நிறைய இடம் பிடிக்கும் என்றது திரை.

"சாமை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாக்கும்? படம் வேண்டாம்" என்று அதன் எதிரே இருந்த டிக் குறியை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் விதைப் பதிவேடு தமிழில் திறந்தது. அம்சவேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கம்ப்யூட்டர் லினக்ஸ். மறுநாள் பொன்னம்மாள் அதே சிடியை எடுத்துக்கொண்டு மலையின் இன்னொரு ஊர்த்தொகுதியான அரியூர் நாட்டுக்குப் போய், அங்கிருந்த சங்கத்து விண்டோஸ் கம்ப்யூட்டரிலும் தனியாகவே போட்டுவிட்டு வந்தார்.

மலைக்கு என்றைக்குப் போகலாம் என்று சனிக்கிழமை தனசேகரன் போனில் கேட்டார்.

"நீங்க வர வேண்டியதில்லீங்க சார். பொன்னம்மாக்கா ஆறுலயும் போட்டுட்டாங்க."

திங்கட்கிழமை, ஆபீஸில் எழுதிய மற்ற புரோகிராம்களின் சிடிக்களையும் அவர் அம்சவேணியின் மேஜைமேல் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றுக்கும் இன்ஸ்டாலர் செய்வது இனி அவள்தான்.