படத்தில் இருந்தது வேறொருத்தி

ராஜபாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, கிடைக்கிற நேரத்தில் கதை எழுதுகிறவள் நான். போன வருஷம் ஒரு கதை வார இதழில் வந்தது. பொண்ணு கறுப்பு என்று முகத்துக்கு நேரே சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை, "காப்பி குடிச்சாச்சுல்லா, கிளம்புங்க" என்று அனுப்பிவைக்கும் ஒருத்தியின் கதை. நிஜத்தில் அப்படி அனுப்பியவர் என் கணவரின் அக்கா, எனக்கு மதினி. ஸ்ரீவில்லிபுத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறார். அதன் பிறகு கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல்தான் எழுதியிருந்தேன்.

இதழ் வந்த மறுநாளே மதினியின் போன். "ஞாயித்துக்கிழமை செத்த நேரம் வந்துட்டுப் போ." குரலில் எதுவும் பிடிபடவில்லை. கணவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். "எழுதுனது நீ. நீயே போ" என்று சிரித்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

மதினி தையல் மிஷின் மேல் இதழை விரித்து வைத்திருந்தார். கதைக்குப் போட்டிருந்த படத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏட்டி, இவ யாரு?"

ரோஸ் நிறத்தில், கூர் மூக்கோடு ஒருத்தி.

"அது... நீங்கதான் மதினி."

"கதைல நான்தான், தெரியுது. அம்புட்டும் நடந்த மாதிரியே எழுதியிருக்க. ரெண்டு தடவ படிச்சேன். படத்துல இருக்கவள யாருன்னு கேக்கேன். இம்புட்டு வெள்ளையா இருந்தா அவன் எதுக்கு வேண்டாங்கான்?"

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண் கலங்கிவிட்டது.

"இதுக்கு எதுக்குட்டி அழுத? அந்தப் பத்திரிகை ஆசிரியருக்குப் போனப் போடு."

போட்டேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். "கறுப்பா வரைஞ்சா அச்சுல முகம் தெளிவா விழாதும்மா" என்றார் அவர். மதினி போனை வாங்கிக்கொண்டார்.

"சார், அந்தக் கதைல வார பொண்ணு நான்தான். கண்ணாடில எம்மூஞ்சி நல்லாத்தான் தெரியுது. உங்க மிஷின என்னன்னு பாருங்க."

ஆசிரியர் சிரித்தது எனக்கும் கேட்டது. ஆனால் அடுத்த இதழில் திருத்தமொன்றும் வரவில்லை.

கதைகள் புத்தகமாக வரும்போது அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது. வரைகிற பெண்ணுக்கு மதினியின் போட்டோவை அனுப்பலாமா என்று இந்தத் தடவை முதலிலேயே அவரிடம் கேட்டேன்.

"போட்டோ எதுக்கு? நேரா வரச் சொல்லு."

அந்தப் பெண் வந்து வரைந்து முடிக்கும்வரை மதினி மிஷினை நிறுத்தவில்லை. அட்டையில் நல்ல கறுப்பாக, பல் தெரியச் சிரிக்கிறார். இப்போதெல்லாம் ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் கையில், அளவு டேப்பை எடுக்கும் முன்பே புத்தகத்தைத் திணித்து, "இது நான்தான்" என்கிறார்.