மூன்றாம் வரிசைக்காக வாங்கிய பெட்டி

ஆடலால் அண்டங்களை இயக்கி, அடங்கிய நெஞ்சில் ஓசையின்றி நிற்கும் அம்பலவாணன் திருவடி துணை. எழுதப் புகும் இந்தச் சில பக்கங்களில் அன்பு மிகுந்து உண்மை குறைந்துவிடாதபடி அவன் அருள் முன்நிற்பதாக.

இன்று மார்கழித் திருவாதிரை நன்னாள். விடியுமுன் நீராடி, களி நிவேதித்து, வழக்கமான பதிகங்களை ஓதி முடித்தபோது, கச்சிபௌலியின் இந்த உயர்ந்த குடியிருப்புக்குக் கீழே கம்பெனி வண்டிகளின் ஹாரன் ஒலி தொடங்கியிருந்தது. திருவாதிரைக் களி உண்ண ஆண்டுதோறும் எங்கள் வீட்டுக்கு வருகிற அத்தான் இல்லாத இரண்டாவது திருவாதிரை இது. அத்தான் என்றது என் உடன்பிறந்த அக்காளின் கணவரை.

அவரை நினைக்கும்போதெல்லாம் முதலில் என் கண்முன் வருவது, அமீர்பேட்டைக் கடையொன்றில் சுவர் முழுக்க ஒளிர்ந்துகொண்டிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு எதிரே அவர் நின்ற நிலைதான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மூக்கு திரையில் படுமோ என்று அஞ்சும் அளவுக்கு நெருங்கி நின்றார். விழித்திரை பழுதாகி, எதை நேராகப் பார்த்தாலும் நடுவில் ஒரு கரும்புள்ளி மறைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஆகவே முகத்தைச் சற்றுத் திருப்பி, ஓரக் கண்ணால் பார்ப்பார். கடைக்காரர் உயர்தெளிவுப் படத்தின் அருமையைக் காட்ட விரும்பி, ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை ஓடவிட்டு, பந்தின் தையல்கூடத் தெரிகிறது பாருங்கள் என்றார். அத்தான் தலையசைத்து மறுத்தார்.

"பால் நக்கோ பாய், பப்ளிக் திகாவ்."

பந்து வேண்டாம், கூட்டத்தைக் காட்டு என்கிறார் என்று புரிந்துகொள்ளக் கடைக்காரருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு பக்கத்திலிருந்தவரிடம், இந்தப் பெரியவர் சாச்சாவின் உறவுக்காரர் யாரோ ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறார் போலிருக்கிறது என்று கேலியாகச் சொன்னார். அத்தானுக்கு அது காதில் விழுந்தது. திரையிலிருந்து முகத்தை எடுக்காமலே, "ஹவ், மேரி பீவி" என்றார். ஆமாம், என் பெண்சாதி. கடையில் இருந்தவர்கள் நகைத்தார்கள். நான் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அக்காள் மறைந்து அப்போது மூன்று மாதங்கள்கூட நிறைந்திருக்கவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்தத் தெலுங்கு நகரத்தின் சனத்நகர்த் தொழிற்பேட்டைக்கு முதலில் வந்தவர் அத்தான். எந்திரப் பட்டறையில் ஃபோர்மேனாக உயர்ந்து, அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் எனக்கும் ஓர் இடம் பிடித்துத் தந்தார். நான் இந்த ஊரில் உண்ட முதல் சோறு அவர் வீட்டுச் சோறு. அக்காள் இங்குள்ள தமிழ்ப் பெண்கள் சிலர் கூடிப் பதிகம் ஓதும் குழுவில் சேர்ந்திருந்தாள். அந்தக் குழு ஒருமுறை தமிழ்நாட்டுக் கோயிலொன்றுக்குப் போய், நூற்றுக்கால் மண்டபத்தில் அமர்ந்து ஓதியது. பக்தி நிகழ்ச்சிகளைக் காட்டும் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து அதைப் படம் பிடித்தார்கள். அன்று மாலை அக்காள் எனக்குப் போன் செய்தாள். "தம்பி, என்னைய மூணாவது வரிசையில தூணோரமா தள்ளி உக்கார வச்சுட்டாவ. என் சேல மின்னுதுன்னு காமிராக்காரனுக்குக் கண்ணு கூசுதாம்" என்று சொல்லிச் சிரித்தாள். திரும்பி வந்த பின் அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாவதைப் பார்க்க அவளுக்கு ஆயுள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்றவளை மருத்துவமனை வாசலில் இறக்கியபோதே எல்லாம் முடிந்திருந்தது.

அவள் நிழற்படங்கள் இருந்தன. குரல்தான் எங்கும் இல்லை. யாராவது செல்போனை நீட்டினால் ஓதுவதை நிறுத்திவிடுவாள். சாமி கேட்டால் போதும், செல்போன் கேட்க வேண்டாம் என்பாள். அதனால் அவள் ஓதிய ஓசை இவ்வுலகில் மிஞ்சியிருந்தது அந்த ஒரே நிகழ்ச்சியில்தான். துக்கம் விசாரிக்க வந்த குழுவின் ஆசிரியை அம்மாள் சொல்லித்தான் அது இன்னும் ஒளிபரப்பாகவில்லை என்று தெரிந்தது. அந்த அலைவரிசையில் அன்றாடம் விடியற்காலை ஒரு குழு ஓதும். எங்களுடையது என்றைக்கு வரும் என்று அவர்களே சொல்ல மாட்டார்கள், ஒருமுறை வந்தால் வந்ததுதான் என்றார். மறுநாளே அத்தான் என்னைக் கடைக்கு அழைத்துப்போனார். நல்ல தொலைக்காட்சியும், தினமும் தானாகப் பதிவு செய்துகொள்ளும் ரெக்கார்டரும் வேண்டும் என்றார்.

தொலைக்காட்சியைத் தேர்ந்தது எளிதாக முடிந்தது. ரெக்கார்டரில்தான் அப்பாவுக்கும் மகளுக்கும் வழக்கு. அவர் மகள் மாதாப்பூரில் மென்பொருள் வேலையில் இருப்பவள்; இந்த ஊரில் பிறந்து படித்தவள்; தமிழ் புரியும், ஆனால் நாவில் தெலுங்கும் ஆங்கிலமுமே முந்தும். இருந்தவை இரண்டு வழிகள். டிஷ் கம்பெனிக்காரர் தரும் பெட்டியிலேயே ஹார்ட் டிஸ்க் இருக்கும். வருகிற படத்தை வருகிற தெளிவோடு பிடித்து வைக்கும். ஆனால் பிடித்ததை அந்தப் பெட்டியில் மட்டுமே பார்க்கலாம். மற்றொன்று, தனியே வாங்கி மூன்று நிற ஒயரால் இணைக்கும் ரெக்கார்டர். அதில் பதிந்ததை எங்கும் எடுத்துப் போகலாம். ஆனால் தெளிவு போய்விடும்.

"அந்த பாக்ஸ் ஒத்துப்பா. அதுல இருந்து வெளியே எடுக்கவே முடியாது, பென் டிரைவ்ல காபி ஆகாது" என்றாள் மகள். ஒத்து என்றால் தெலுங்கில் வேண்டாம் என்பது.

"வெளிய எதுக்குட்டி எடுக்கணும்? ஒங்கம்மை வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்றார் அத்தான்.

 அவள் மனம் ஆறட்டும் என்று, கடையில் இரண்டிலும் பதிந்து காட்டச் சொன்னேன். தனி ரெக்கார்டரில் பின்வரிசை முகங்கள் வண்ணப் புகையாகக் கலைந்தன. அத்தான் ஓரக் கண்ணால் நெடுநேரம் பார்த்துவிட்டு, கண்ணு தெளியாதவனுக்குப் படமாவது தெளிவாக இருக்கட்டும் என்று முதல் பெட்டியையே கேட்டு வாங்கினார்.

பெட்டியைப் பொருத்த வந்தவர், எச்.டி. பதிவு இடத்தை மிகவும் தின்னும் என்று எச்சரித்தார். நிறைந்துபோனால் பழையது தானாகவே அழிந்து புதியதற்கு வழிவிடும், கவலை வேண்டாம் என்றும் சொன்னார். அத்தானுக்குக் கவலையே அங்குதான் பிடித்தது. சாமி பாட்டும் சாமி தரிசனமும் இருக்கிற பதிவை ஓர் எந்திரம் தன் இஷ்டத்துக்கு அழிப்பதா? அழியாமல் பூட்டிவைக்க வழி உண்டா என்று துருவித் துருவிக் கேட்டு, ரிமோட்டில் அந்தப் பொத்தானைத் தடவித் தடவிப் பழகிக்கொண்டார். பூட்டிய பதிவின் அருகே சிறு பூட்டுப் படம் ஒன்று தோன்றும்.

அன்று முதல் அதுவே அவருடைய நாள். நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் வேளை அவருடைய பூசை வேளை. தீட்சை பெற்று இத்தனை ஆண்டுகளில் பூசையை நேரம் தவறிச் செய்தவரல்லர். அதற்காகத்தானே ரெக்கார்டர் என்பார். பூசை முடித்து, கஞ்சி குடித்து, திரைக்கு முன் முக்காலியை இழுத்துப் போட்டு அமர்வார். முதல் வரிசையைக் கடந்து, இரண்டாம் வரிசையைக் கடந்து, மூன்றாம் வரிசையில் முகம் முகமாகத் தேடுவார். அன்றைக்கு இல்லை என்று தெரிந்த பிறகும் இறுதித் தீபாராதனைக்கு எழுந்து நின்று, கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பதிவைப் பூட்டுவார். அக்காள் இல்லாத பதிவுகளைப் பூட்டுவானேன் என்று மகள் கேட்டாள். இடம் குறைந்துகொண்டே வருகிறது, பழையவற்றையாவது எடுத்துவிடலாம் என்று அவள் மன்றாடியபோது நானும் இருந்தேன்.

"ஏட்டி, காலண்டர்ல இருக்க சாமியவே நாம கிழிச்சுப் போட மாட்டோம். இது பாடிக்கிட்டு இருக்க சாமி" என்றார்.

உண்மைதான். அவர்களுடைய பழைய சனத்நகர் வீட்டின் பரணில் எத்தனையோ ஆண்டுகளின் காலண்டர்களும், பிள்ளையார் படம் அச்சிட்ட கலியாணப் பத்திரிகைகளும் கட்டுக் கட்டாக இருந்தன. எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆகவே என் மனமும் அவர் பக்கமே நின்றது.

மகள் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு வாரத்தில் அது நடந்தது. காலையில் ஆசிரியை அம்மாள் அத்தானுக்குப் போன் செய்து, "பாத்தீங்களா அய்யா? அக்கா முகத்தையே எவ்வளவு நேரம் காட்டினாங்க!" என்றிருக்கிறார். அத்தான் உடனே எனக்குச் சொன்னார். அத்தான் அப்போது மகளோடு இருந்தது பக்கத்துக் கட்டடம்தான், ஓடினேன். நெற்றியில் திருநீறு ஈரம் காயாமல் முக்காலியில் அமர்ந்து, ரிமோட்டை என் கையில் கொடுத்தார். பட்டியலைத் திறந்தேன். முந்தைய நாள் வரை இருந்தது. அன்றைய பதிவு இல்லை. திரையின் ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும் நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இடமில்லை, எல்லாம் பூட்டப்பட்டிருக்கிறது என்று படித்துச் சொன்னேன். எப்படிச் சொல்லாமல் இருப்பது?

அவர் அழவில்லை. திரையில் வரிசையாக நின்ற பூட்டுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"சாமிக்கெல்லாம் எடம் வச்சேன் தம்பி. ஒங்க அக்காளுக்கு எடம் இல்லாமப் போச்சு."

அதன் பின் ஆசிரியை அம்மாளைப் பலமுறை அழைத்து, திரையில் கண்டதைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். காமிரா தூணருகே வந்து நின்றதையும், அக்காள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டதையும், அடியின் நடுவே மூச்சு வாங்கிவிட்டு விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டதையும் அந்த அம்மாள் சலிக்காமல் சொன்னார். தொலைக்காட்சி அலுவலகத்துக்கு மகள் எழுதிக் கேட்டாள். தனிப்பட்டவர்களுக்குப் படம் தர இயலாது என்றும், எப்போதாவது மறுஒளிபரப்பு செய்யக்கூடும் என்றும் பதில் வந்தது. அந்த 'எப்போதாவது' என்ற சொல்லைப் பற்றிக்கொண்டு அத்தான் எழுந்தார். ஆனால் அது வரும்போது பெட்டியில் இடம் வேண்டும். இடம் வேண்டுமானால் இருப்பவை போக வேண்டும்.

என்னிடம் கேட்டார், அது பாவமா என்று. நான் ஏடு படித்தவனே தவிர ஆசாரியன் அல்லன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குடத்து நீரில் இறைவனை எழுந்தருளச் செய்கிறோம். பூசை முடிந்ததும், வந்த இடத்துக்கே எழுந்தருளுமாறு வேண்டி விடைகொடுக்கிறோம். விடைகொடுப்பதும் பூசையின் அங்கம்தான். இன்னொன்றையும் நினைவூட்டினேன். பரணில் இருந்த காலண்டர்க் கட்டுகள் ஒருபோதும் பரணை அடைத்துக்கொண்டதில்லை. ஆண்டுக்கொருமுறை ஊருக்குப் போகும்போது அக்காள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தாமிரபரணியில் விட்டுவிட்டு வருவாள். விடும் வேலை முழுவதும் அவளுடையதாக இருந்தது. வைக்கும் வேலையை மட்டுமே அத்தான் அறிந்திருந்தார்.

 அடுத்த திங்கட்கிழமை பூசைக்குப் பின், கற்பூரத்தட்டோடு திரைக்கு முன் வந்தார். முதன்முதலில் பிடித்த பதிவைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்டார். தீபம் காட்டினார். "போய்ட்டு வாரும் சாமி" என்று சொல்லி, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். அன்று முதல் ஒவ்வொரு காலையும் புதியதாக ஒன்று வந்தது. பழையதில் ஒன்றுக்கு விடை கிடைத்தது. கண் மேலும் இருண்ட பின் மூன்றாம் வரிசையைத் தேட இயலாமல், காதை மட்டும் திரையருகே வைத்துக்கொண்டு கேட்டார். அடியின் நடுவே யாராவது மூச்சு வாங்கினால் சட்டென்று கையை உயர்த்துவார். அது அவளாக இருந்ததில்லை. பூட்டிய பதிவுகளில் பாதி தீருமுன் அத்தானுக்கே விடை வந்துவிட்டது.

இன்று களியை எடுத்துக்கொண்டு அவர் மகள் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்துக்குக் கிளம்பி, தோளில் பையோடு, அவள் திரைக்கு முன் நின்றுகொண்டிருந்தாள். இன்று விடிகாலை பதிவானதை வேகமாக ஓட்டி, மூன்றாம் வரிசை வரும்போது மட்டும் நிறுத்தி, உற்றுப் பார்த்து, பிறகு அழித்தாள். பட்டியலில் வேறு எதுவும் இல்லை. அப்பாவின் பதிவுகள் எங்கே என்று கேட்டேன்.

"அப்பா போனதும் ஒவ்வொண்ணா முழுசும் பார்த்து, கற்பூரம் காட்டி எடுத்துட்டேன் மாமா. இப்போ ரோஜு... தினமும் செக் பண்றேன். டிஸ்க் மொத்தமும் காலி" என்றாள் தமிழில். "அம்மா என்னைக்கு வந்தாலும் வரலாம்."

களிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

இதைப் படித்தவர் யாவருக்கும் உடனிருப்போர் குரலை அருகிருந்து கேட்கும் காலம் நீள்க. பிரிந்தோரை எதிர்பார்த்திருக்கும் நெஞ்சங்களில் அம்பலவாணன் தன் குளிர்ந்த திருவடியை வைத்தருள்க.