போலந்துக்காரரின் நடன விருந்தில் பெரியம்மா

எங்களை அந்த விருந்துக்கு அழைத்தது பக்கத்து வீட்டுக்காரி. மெல்பேர்னின் தென்கிழக்கில், ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில், அவளுடைய வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மரவேலிதான். நானும் அம்மாவும் குடிவந்த வாரமே வேலிக்கு மேலால் ஒரு தட்டை நீட்டினாள். உள்ளே உருளைக்கிழங்கு வைத்து அவித்த, மோதகத்தின் தங்கச்சி போல ஒரு பண்டம். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் அம்மா வடை சுட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து தட்டுகள் வேலிக்கு மேலால் போய்வந்துகொண்டே இருந்தன.

அவள் என்னைவிட இருபத்தைந்து வயதாவது மூத்தவள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. பிறந்தது மெல்பேர்னில் என்றாலும் பெற்றோர் போலந்துக்காரர்கள், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவளுடைய பாட்டனின் குடும்பத்தில் பாதியைச் சோவியத் அரசு ரயிலில் ஏற்றிக் கஸகஸ்தானில் கொண்டுபோய் இறக்கிவிட்டதாம். அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கே கிழவர் கிழவிகளாக இருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு நிலக்கரி வாங்கக்கூட வழியில்லாதவர்கள். அவர்களுக்கு உதவ, இங்கிருக்கும் போலந்துக்காரர்கள் ஆண்டுதோறும் ஒரு நடன விருந்து வைப்பார்கள். அதை நடத்தும் குழுவுக்கு அவள்தான் தலைவி.

அம்மாவை அவள் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு தமிழ்ச்சொல்லை அழகாகச் சொல்லுவாள். அம்மா அவளைப் 'பிள்ளை' என்பார். எங்கள் குசினிக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவள் கேள்வி கேட்பாள், நான் நடுவில் இருந்து மொழிபெயர்ப்பேன். ஆஸ்திரேலியாவுக்கு வந்தபிறகு அம்மாவிடம் யாரும் அப்படி ஆறஅமர இருந்து கேள்வி கேட்டதில்லை. நான்கூடக் கேட்டதில்லை.

ஒருநாள் பின்னேரம் நல்ல மழை. கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க அம்மா அப்படியே நனைந்துகொண்டு போனார். வாசலில் இரண்டு குடை இருந்தது. "அம்மா ஏன் ஒருநாளும் குடை பிடிப்பதில்லை?" என்று அவள் கேட்டாள். நானும் அதை ஒரு பழக்கம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டு இருந்தார். துவாயை மடியில் வைத்தார். பிறகு சொல்லத் தொடங்கினார்.

எங்கள் ஊரில் போர் மூண்டு, ஊர்ச்சனம் முழுவதும் ஒரேயடியாக வீடுவாசலை விட்டுவிட்டு நடந்த நாள். மழை. ரோட்டு முழுக்கத் தலைகள். அம்மாவின் கையில் நான், முதுகில் தம்பி. கூடவே அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா. அவருக்குக் கால் ஏலாது. கொஞ்சத் தூரம் வந்ததும் வீதியோரத்தில் ஒரு துணிப்பையின் மேல் இருந்துவிட்டார். கையில் இருந்த ஒரே குடையை அம்மாவிடம் நீட்டினார். "பிள்ளையள் நனையுதுகள். நீ போ. நான் பின்னால ஆறுதலா வாறன்."

"நான் வாங்கிப்போட்டன்," என்றார் அம்மா. "அக்காவை மழைக்குள்ள விட்டிட்டுக் குடையை நான் கொண்டுவந்திட்டன்."

பெரியம்மா வரவில்லை. பிறகு எந்த முகாமிலும் தேடிக் கிடைக்கவில்லை. பெரியம்மா காய்ச்சல் வருத்தத்தில் செத்துப்போனா என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். குடைக்குக் கீழே போன பிள்ளைகளில் ஒன்று நான் என்று, மொழிபெயர்த்துக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. பல இடத்தில் நிறுத்தினேன். 'ஆறுதலா' என்ற சொல்லுக்கு வந்ததும் ஆங்கிலத்தில் எனக்கு வழி தெரியவில்லை. எங்களூரில் அதற்கு மெதுவாக என்று பொருள். ஆனால் தேற்றுகிற ஆறுதலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கடைசியில், 'நான் பின்னால் மெதுவாக வருவேன், எனக்காக மனம் வருந்தாதே' என்று இரண்டாக உடைத்து ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அம்மா மட்டும் அழவில்லை. எழும்பிப்போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அந்த நாளுக்காக நான் அவளுக்கு எவ்வளவு நன்றியோடு இருந்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். என் தாயை எனக்குத் திறந்து காட்டியவள் என்று நினைத்தேன்.

விருந்து பெப்ரவரியில் நடந்தது. அவர்களுடைய தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆடிப்பாடி முடித்துவிட வேண்டுமாம். போலந்தில் அது பனிக்காலம், இங்கே கொளுத்தும் வெயில். மண்டபத்துக் கதவுகளையெல்லாம் திறந்து வைத்திருந்தும் புழுங்கியது. அம்மா தன்னுடைய அரக்குக்கரை காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கோட்டுப் போட்ட கிழவர்கள் வந்து குனிந்து அம்மாவின் கையை முத்தமிட்டார்கள். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

முதலில் பொலொனேஸ். நடனம் என்றாலும் ஆட்டம் இல்லை. சோடி சோடியாகக் கைகோத்து, மண்டபத்தைச் சுற்றி நீண்ட வரிசையாக நடக்கிறார்கள். அவள் கறுப்பு வெல்வெட் உடுப்பில் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள். எங்கள் மேசையைக் கடக்கும்போது அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். "தேர் இழுக்கிற மாதிரி வருகினம்," என்றார் அம்மா. பிறகு பீட்ரூட் சூப், கசகசாக் கேக். சாப்பாடு முடிந்ததும் அவள் ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள்.

முதலில் போலிஷில் பேசினாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்காக அதையே திரும்ப ஆங்கிலத்தில் சொன்னாள். கஸகஸ்தானில், மண்சுவர் வீட்டில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. திரையில் படம் வந்தது. தலையில் பூப்போட்ட துணி கட்டிய, பல்லில்லாத ஒரு முகம். அந்தக் கிழவி சின்னப்பெண்ணாக இருந்தபோது, ரயிலிலிருந்து இறக்கிவிட்டுப் பனிக்குள் எல்லோரையும் நடக்க விட்டார்களாம். கூடவே தாயும் தாயின் தமக்கையும். தமக்கைக்கு ஒரு போலந்துப் பெயர் சொன்னாள், அவளுக்குக் கால் ஏலாது. வழியோரத்தில் ஒரு துணிப்பையின் மேல் இருந்துவிட்டாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இல்லை, எத்தனையோ பேருக்கு இப்படி நடந்திருக்கும், உலகம் முழுக்க ஒரே மாதிரித்தானே ஓடியிருக்கிறார்கள் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

தமக்கை தன் தோளில் இருந்த ஒரே போர்வையைக் கழற்றி நீட்டினாள் என்றாள் அவள். பிள்ளை குளிரில் நடுங்குகிறது, நீ போ என்றாளாம். பிறகு நிறுத்தி, மண்டபத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் பின்னால் மெதுவாக வருவேன், எனக்காக மனம் வருந்தாதே."

என்னுடைய வசனம். எங்கள் குசினியில் நான் தடுமாறித் தடுமாறிக் கட்டிய வசனம், ஒரு சொல் குறையாமல் வந்தது.

எங்கள் மேசையில் இருந்த பெண்கள் கைத்துண்டை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"என்ன சொல்லுறா? ஏன் எல்லாரும் அழுகினம்?"

அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் எப்போதும் இருந்த மொழிபெயர்ப்பாளர் நான். இவ்வளவு காலமும் ஒரு சொல்லை மறைத்ததில்லை. "குளிருக்குள்ள தனிய இருக்கிற ஒரு கிழவியைப் பற்றிச் சொல்லுறா அம்மா," என்றேன்.

"பாவம்," என்றார் அம்மா. எல்லோரும் எழும்பி நின்று கைதட்டியபோது அம்மாவும் மேசையைப் பிடித்து எழும்பிக் கைதட்டினார். தன் அக்காவுக்கு நடந்ததைக் கேட்டு, இன்னாருக்கு என்று தெரியாமல், என் அம்மா கைதட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க முடியாமல் நான் குனிந்து செருப்பைத் தேடுகிற மாதிரி மேசைக்குக் கீழே தலையை வைத்துக்கொண்டேன்.

அடுத்தநாள் காலையில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். விருந்தில் மிஞ்சிய பூங்கொத்துகளை வாளியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"அந்தக் கிழவி அப்படி எதையாவது உங்களிடம் சொன்னாளா?" என்று கேட்டேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "இல்லை," என்றாள். "வீடியோவில் பேசினால் தன்னுடைய ஆட்டைப் பற்றிச் சொல்லுவாள், பல்வலியைப் பற்றிச் சொல்லுவாள். வேறு எதுவும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கேட்டு யார் உதவுவார்கள்? எங்களில் எல்லாவற்றையும் நேரில் கண்டவர்கள் செத்துவிட்டார்கள். இளையவர்கள் நடனத்துக்கும் குடிக்கவும்தான் வருகிறார்கள். நேற்று அவர்கள் அழுதார்கள், நீ பார்த்தாய்தானே?"

"அது எங்கள் பெரியம்மா."

"நான் உங்களில் யாருடைய பெயரையும் சொல்லவில்லையே."

"சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது."

அவள் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மறைக்க நினைத்திருந்தால் உங்கள் இரண்டு பேரையும் முன்மேசையில் உட்கார வைத்திருப்பேனா? நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன். உங்களுக்கு நடந்தது, எங்களுக்கு நடந்தது, எல்லாம் ஒன்றுதானே?"

அந்த 'ஒன்றுதானே'தான் என்னைச் சுட்டது. ஒன்றாக இருந்திருந்தால் அவள் எங்களுடையதை எடுக்கவேண்டி வந்திருக்காது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தக் கிழவியின் பல்லில்லாத முகம் நினைவுக்கு வந்தது. அவளுக்கு நிலக்கரி போய்ச் சேரும். அது உண்மை. நான் சண்டை பிடித்தால் அவளுடைய அடுப்பில்தான் தண்ணீர் ஊற்றுவேன் போல இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வேலிக்கு மேலால் தட்டு வரவில்லை. "பிள்ளையை ஏன் காணேல்லை? சுகமில்லையோ?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அவளுக்கென்று இடியப்பம் அவிக்க ஆயத்தப்படுத்தினார். அதற்கு மேலும் மறைக்க எனக்கு ஏலவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா கத்தவில்லை. மாவுக்குள் இருந்த கையை எடுக்காமலே கேட்டார். 

"அக்காவுக்கு என்ன பேர் வைச்சவ?"

ஒரு போலந்துப் பெயர் சொன்னாள் என்று அந்தப் பெயரைச் சொன்னேன். அம்மா அதை ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நாக்கு வளையவில்லை. கையைக் கழுவினார், சேலையைச் சரிசெய்தார், "நீ வராதை," என்று சொல்லிவிட்டு வாசலால் போனார். குசினி ஜன்னலால் பார்த்தேன். அவள் கதவைத் திறந்ததும் அணைக்க வந்தாள். அம்மா ஒரு கையை நீட்டித் தடுத்தார். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். அதை முழுக்கச் செலவழித்தார் என்று நினைக்கிறேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி அழுதாள். திரும்பி வந்த அம்மா, "எல்லாருக்கும் உண்மையைச் சொல்லுறன் எண்டு சத்தியம் பண்ணினவ," என்றார். அவர்களுடைய குழு உதவி செய்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி ஒரு தேநீர் விருந்து வைக்குமாம், அங்கே வைத்துச் சொல்லுவாளாம். அன்றைக்கு அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. அவித்த இடியப்பத்தில் பாதியை அவளுக்குக் கொடுத்தும் அனுப்பினார்.

தேநீர் விருந்து முடிந்ததை நான் அறிந்தது ஸ்பிரிங்வேல் சந்தையில். அம்மாவும் நானும் மீன் வாங்கப் போயிருந்தோம். வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பெண் எங்களை மறித்து நின்றாள். நடன விருந்தில் எங்கள் மேசையில் இருந்தவள். அம்மாவின் சேலையை மறக்கவே முடியவில்லை என்றாள். போன கிழமை எல்லோரும் தேநீருக்குக் கூடினார்களாம். தலைவி அந்தத் தமக்கையின் கதையை மறுபடியும் சொன்னாளாம், இந்தமுறை இன்னும் உருக்கமாக. இனிச் சிட்னியில் நடக்கும் விருந்திலும் வந்து சொல்லச் சொல்லி அவளைக் கேட்டிருக்கிறார்களாம்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

இந்தமுறை நான் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். சிட்னியையும் சேர்த்து.

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "அது என்ர சொந்த அக்கா எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தப் பெண் என் அம்மாவின் அக்கா."

அவளுடைய கண் கலங்கிவிட்டது. மீன்கடை ஈரத்தில் நின்றபடியே அம்மாவின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "ஆமாம், ஆமாம்," என்றாள். "எவ்வளவு அழகாகச் சொன்னீர்கள். அவள் எங்கள் எல்லோருக்கும் அக்காதான்."

நான் திரும்பவும் தொடங்கினேன். ஆனால் அவளுடைய கணவர் காரில் காத்திருந்து கைகாட்டினார். அம்மாவின் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

"விளங்கினதாமோ?" என்று கேட்டார் அம்மா.

"இல்லை அம்மா."

 அம்மா மீன்காரனிடம் விளைமீனைக் காட்டி, செவுளைத் திறந்து காட்டச் சொன்னார்.