சுற்றுலாப் பணத்தில் வாங்கிய டேப் ரெக்கார்டர்

எங்கள் தீவில், மெயின்லேண்ட் என்று நாங்கள் சொல்லும் பெருநிலத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், அவர் வீட்டு முன்னறை ஒரு வாரத்துக்குக் கடையாகிவிடும். கப்பலில் ஏற்றிச் செல்லும் கூலிக்கு அஞ்சி, கட்டிலையும் பீரோவையும் தையல் இயந்திரத்தையும் விற்றுவிட்டுப் போவார்கள். ஷாதிபூரில் எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி அப்படி வந்தவையே. நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட மேசையில் யார் வீட்டுக் குழந்தையோ ஏழாம் வாய்ப்பாட்டைக் கீறி வைத்திருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில், நான் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது, மின்னி பேயில் ஒரு பொறியாளர் வீட்டில் அப்படியொரு விற்பனை நடந்தது. அம்மா குக்கர் பார்க்கப் போனார். துணைக்குப் போன நான் டேப் ரெக்கார்டரைப் பார்த்துவிட்டேன்.

வெளிநாட்டுச் சரக்கு, இரண்டு பெரிய சுருள்கள், தனி மைக். சாதாரண ரெக்கார்டரை நான் அதற்கு முன்பும் கண்டிருக்கிறேன். இது வேறு. ஒரு தடத்தில் பாடியதை ஓடவிட்டுக் காதில் கேட்டுக்கொண்டே இன்னொரு தடத்தில் பாடலாம். பிறகு இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம். பொறியாளரின் மனைவி இதை இந்தியில் விளக்கியபோது, இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பன்னிரண்டு வயதிலிருந்தே நான் மெட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்வரம் எழுதத் தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை. பழைய சுருதிப்பெட்டி ஒன்றுதான் இருந்தது. காலையில் போட்ட மெட்டு மாலைக்குள் வேறொன்றாகிவிடும். முதலில் வந்தது எது என்று சாட்சி சொல்ல ஒருவரும் கிடையாது. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று விலகிச் சென்று சேரும்படியான பாட்டு ஒன்றும் என்னிடம் இருந்தது. அதை நான் ஒருமுறைகூட முழுதாகக் கேட்டதில்லை. ஒரு வாயால் எப்படிக் கேட்பது?

என்னிடம் பணமும் இருந்தது. இரண்டு ஆண்டு உதவித்தொகையில் மிச்சம் பிடித்தது. ஆனால் அது வேறொன்றுக்கானது. இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரி மெயின்லேண்டுக்குச் சுற்றுலா அழைத்துப்போகும். பாதிச் செலவு அரசினுடையது, மீதி எங்களுடையது. தீவில் பிறந்த எங்களில் பலர் ரயிலைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்கள். அந்த மீதியும் ரெக்கார்டரின் விலையும் ஏறக்குறைய ஒன்று. பொறியாளர் குடும்பமும் எங்கள் வகுப்பும் போகவிருந்ததோ ஒரே கப்பல்.

“வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு. பிறகு பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிடுவேன்” என்றார் பொறியாளரின் மனைவி. எனக்கு நான்கு நாட்கள் இருந்தன.

முதலில் என் வகுப்புத் தோழியிடம் சொன்னேன். அபர்தீன் பஜாரில் அவள் தந்தைக்கு ரேடியோக் கடை. கேட்டதும் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல் இல்லையே. ஏண்டி, எங்க அத்தா கடையிலயே சின்ன ரெக்கார்டர் இருக்கு. அதுல பாடு. காசு மிஞ்சும், ரயிலுக்கும் வா.”

“அதுல ஒரு குரல்தான் ஏறும்.”

“உனக்கு எத்தனை வாய்?”

“ரெண்டு வேணும்.”

“ஒரு வாய்க்கே உங்க தெருவுல கதவைச் சாத்திக்கிறாங்க” என்றாள்.

வீட்டில் அப்பா சிரிக்கவில்லை. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலைக்காக நாற்பதுகளின் முடிவில் மதுரையிலிருந்து வந்தவர் அவர். சுற்றுலாச் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டு, மை உலரும்வரை கையில் பிடித்திருந்தவர்.

“மதுரையில வண்டி இருபது நிமிஷம் நிக்கும். உன் பெரியப்பா குடும்பத்தோட ஸ்டேஷனுக்கு வந்து உன்னைப் பாக்கறேன்னு எழுதியிருக்கார்மா.”

“பாட்டை டேப்ல பதிஞ்சு அவருக்கு அனுப்பறேன்ப்பா.”

“அதைப் போட்டுக் கேக்க அவர்கிட்ட மெஷின் ஏது?”

அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்: “பாட்டு வேணும்னா ரேடியோ இல்லையா?”

“அது மத்தவங்க பாட்டும்மா.”

“நல்லாப் பாடறவங்க பாட்டு” என்றார் அம்மா. அதில் குத்தல் இல்லை. தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

அன்றிரவு அப்பா பெரியப்பாவின் கடிதத்தை என் தட்டருகே வைத்துவிட்டுச் சாப்பிட்டார். நான் பிறந்த மண்ணை விட்டுவிட்டு அவர் பிறந்த மண்ணை நான் ‘ஊர்’ என்று சொல்லவேண்டுமென்பதில் அவருக்கு ஏக்கம் இருந்தது. அதை நான் அறிந்தே இருந்தேன். என் வகுப்பில் எல்லோருக்கும் மெயின்லேண்ட் என்பது ஏதோ நாங்கள் எழுதித் தேறவேண்டிய தேர்வு போலிருந்தது. போய்வராதவள் அரைகுறை. அந்த எண்ணத்தின் மீதுதான் எனக்குக் கோபம், அப்பாவின் மீதன்று. ஆனால் ஒரே வீட்டுக்குள் இரண்டையும் பிரித்துக் காட்டுவது எளிதாயில்லை.

வெள்ளிக்கிழமை தோழியை இழுத்துக்கொண்டு மின்னி பேக்குப் போனேன். பதிந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம் என்று பொறியாளரின் மனைவி மைக்கைக் கையில் கொடுத்தார். என் பாட்டின் முதல் நான்கு வரிகளைப் பாடினேன். அவர் சுருளைத் திருப்பி ஓட்டினார்.

வெளியே வந்தது மெலிந்த, மூக்கால் பேசும் ஒரு குரல். ஒவ்வொரு வரியின் முடிவிலும் அது சுருதியிலிருந்து சறுக்கிக்கொண்டு போனது. தோழி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். “அச்சா ஹை” என்று, நன்றாயிருப்பதாகச் சொன்னார் அந்த அம்மாள், என் முகத்தைப் பார்க்காமல்.

“முடிஞ்சுது, வா. ரயிலுக்குப் போலாம்” என்றாள் தோழி.

எனக்கோ அந்தக் கணத்தில்தான் முடிவானது. ஒன்பது ஆண்டுகளாகப் பாடுகிறேன். வரிமுடிவில் நான் சறுக்குவதை ஒருவர்கூடச் சொன்னதில்லை. அன்பால் சிலர் சொல்லவில்லை, அக்கறையின்மையால் பலர். இந்தப் பெட்டிக்கு இரண்டுமில்லை. நன்றாகப் பாடுகிறவர்கள் மட்டுமே இதை வாங்க வேண்டுமென்றால் எனக்கு ஒருநாளும் கிட்டாது. நன்றாகப் பாட வேண்டியவளுக்கே இது தேவை. பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தேன். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கனத்த பக்கத்தைத் தூக்கிவந்தவள் அவள்தான்.

கல்லூரிக்குப் போய்ப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன். பொறுப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “உடம்புக்கு முடியலையா?” என்று கேட்டார். “நல்லா இருக்கேன் சார்” என்றேன். அவர் நம்பவில்லை.

சனிக்கிழமை மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் ஆசையோடு முதல் பதிவைச் செய்தேன். ஞாயிறு காலை தோழிக்குப் போட்டுக்காட்டினால், பால்வாடிக் குழந்தை பாடுவதைப்போல் கீச்சுக்குரல் விரைந்து ஓடியது.

“ரயில் போயி எலி வந்திருக்கு” என்றாள் அவள்.

நான் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சுருதிப்பெட்டியைப் பதிந்து பதிந்து ஒப்பிட்டேன். பிறகு புரிந்தது. மாலையில் ஊரெல்லாம் விளக்கெரிய, எங்கள் தெருவுக்கு வரும் மின்சாரம் தளர்ந்துவிடும். சுருள் மெதுவாகச் சுற்றும். பதிந்ததைக் காலையில் முழு வேகத்தில் போட்டால் குரல் கீச்சிடும். பொறியாளர் வீட்டில் பகலில் கேட்டுவிட்டு வாங்கியிருந்தேன். எங்கள் வீட்டு பல்ப் மாலைதோறும் மங்குவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவளாயிருந்தும் நான் அதை நினைக்கவில்லை. ஆகவே இனி முற்பகலில் மட்டும் பாடுவதென்று வைத்துக்கொண்டேன்.

கப்பல் செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டது. அப்பா பெரியப்பாவுக்கு ஒரு பார்சல் கட்டி, மதுரை நிலையத்தில் கொடுக்கச் சொல்லித் தோழியிடம் சேர்க்கத் துறைமுகத்துக்குப் போனார். “வழியனுப்பவாவது வாயேன்” என்றார். போயிருக்கலாம். போனால் அழுதுவிடுவேனோ என்ற பயம் இருந்தது. அழுதால், போகாததற்கு வருந்துகிறேன் என்று எடுத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே இருந்தேன். சன்னலைச் சாத்தி, சுருதியைச் சரிபார்த்து, முதல் குரலைப் பதியத் தொடங்கினேன். மூன்றாம் வரியில் கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. நிறுத்தாமல் பாடி முடித்தேன். இரண்டு இடத்தில் வரிமுடிவு சறுக்காமல் சுருதியில் நின்றது.

பிற்காலத்தில் ரயில்களில் நிறையவே போயிருக்கிறேன். சன்னலோர இருக்கை எனக்கும் பிடிக்கும். அவ்வளவுதான்.

அப்பா திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் கேட்காமலே, “போடு, பாப்போம்” என்றார். நின்றபடியே முழுவதும் கேட்டார்.

“கப்பல் சத்தம் விழுந்துடுச்சே. அது ஒண்ணுதான் கெடுக்குது. அழிச்சிட்டு மறுபடி பாடு.”

“இருக்கட்டும்ப்பா.”

“உம் பிடிவாதம்” என்றார். மின்விசிறியின் ஓசை பதிவில் விழுமா என்று கேட்டார். விழும் என்றேன். அதை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நாற்காலியில் அமர்ந்தார்.

இரண்டாம் தடத்தைத் திறந்து, என் குரலைக் காதில் கேட்டபடி அதிலிருந்து விலகிப் பாடத் தொடங்கினேன். மூன்றாம் வரியில், முதல் தடத்தில் பதிந்திருந்த சங்கு காதில் வந்தது. அதன் சுருதி என் சுருதியல்ல. அதற்காகக் குரலை நான் இறக்கிக்கொள்ளவில்லை.