வெறுங்காலும் மின்சார ஷூவும்

"பதினாலு கிலோமீட்டர்தானே? என்கிட்ட விடு!" என்று போனில் மார்தட்டினேன்.

அக்கா மகள் நித்யா, வேலூரில் இன்ஜினியரிங் கல்லூரி விரிவுரையாளர். நடக்கிற நடையிலேயே கரண்ட் எடுக்க ஒரு கருவி செய்திருக்கிறாள். தீப்பெட்டி அளவுதான். ஷூவின் குதிகாலில் பொருத்த வேண்டும். நடக்க நடக்க உள்ளே காந்தம் குலுங்கும். மேலே குட்டி விளக்கு எரியும். திங்கட்கிழமை ரிவ்யூ. நீண்ட தூரம் நடந்து, விளக்கு எரிந்த வீடியோவைக் காட்டாவிட்டால் ப்ராஜெக்டை மூடிவிடுவார்களாம். வாராவாரம் கிரிவலம் போகிற என்னை விட்டால் வேறு யார்?

ஞாயிறு காலை. கோயில் வாசலில் என் அளவுக்குப் புது ஷூவை நீட்டினாள்.

"போடுங்க சித்தி."

"கிரிவலத்துக்கு... ஷூவா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். திருவண்ணாமலையிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேர் - ஒருத்திக்குக்கூடவா தோன்றாது?

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காக மலையைச் சுற்ற ஷூ மாட்டுவேனா? கருவியை மட்டும் கழற்றி, கணுக்காலில் கர்சீப்பால் கட்டிக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் அடி அண்ணாமலை வந்தும் விளக்கு எரியவில்லை. ஷூ என்றால் தொம் தொம்மென்று மிதிப்போம். வெறுங்காலைக் கல் பார்த்து, முள் பார்த்து மெல்லத்தானே வைப்போம்?

டீக்கடையில் உட்கார்ந்தோம். கணுக்காலில் உறுத்துகிறதே என்று கருவியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன்.

"இன்னாம்மா அது கையில?" என்றார் கடைக்கார அம்மா.

விடுவேனா? நித்யா பத்தாவது படிக்கும்போது எங்கள் மிக்ஸியைப் பிரித்துப் போட்டதிலிருந்து ஆரம்பித்தேன். "இவள சாதாரணமா நினைக்காதீங்க..." கையை ஆட்டாமல் எனக்குப் பேச வராது.

"சித்தி! எரியுது!" நித்யா துள்ளி எழுந்து மொபைலை நீட்டினாள். "நிறுத்தாதீங்க... பேசிக்கிட்டே வாங்க!"

இந்த ஐம்பத்தைந்து வயதில் என்னிடம் யாரும் சொல்லாத வாக்கியம்!

மீதி வழி முழுக்கப் பேசினேன். விளக்கு அணையவே இல்லை. கால்தான் வலித்தது, கைக்கும் வாய்க்கும் களைப்பே தெரியவில்லை. பிடித்த காரியம் என்றால் உடம்புக்கு எங்கிருந்துதான் தெம்பு வருகிறதோ...

ப்ராஜெக்ட் பிழைத்துவிட்டது. ஷூவுக்கான கருவி இப்போது கைப்பட்டையாக மாறிக்கொண்டிருக்கிறது. சோதனைக்கு ஒன்றை என்னிடமே கொடுத்திருக்கிறாள்.

வீட்டில்தான் நிலைமை மாறிவிட்டது. நான் வாயைத் திறந்தாலே என் கணவர் கேட்கிறார் - "அதை எடுத்துக் கையில கட்டிக்கினியா?"