இருந்தேன் என்று எழுதிய கடிதம்

எண்பதுகளின் நடுவில் பூந்தமல்லியில் ஒரு கத்தோலிக்கக் குருமடத்தில் சேர்ந்து லத்தீன் படித்துக்கொண்டிருந்தேன். சாமியாராகப் போகிறவன் என்பதால் என் சொந்தப் பெயர் போய் 'பிரதர்' ஆகிவிட்டேன். பாடியில் எங்கள் தெருவில் அம்மாகூட நாலு பேர் முன்னால் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை செய்கிறவள். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவளுக்கு ஒரு நிமிர்வு வந்துவிடும். பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே கூசும். ஏனென்றால் எனக்குக் குருமடத்தில் இருக்கவே பிடிக்கவில்லை.

பிடித்தது ஒன்றே ஒன்று, கடித வகுப்பு. ரோமர்கள் எப்படிக் கடிதம் எழுதினார்கள், பின்னால் வந்த மடத்துக்காரர்கள் அதற்கு என்னென்ன சட்டம் போட்டார்கள் என்று லத்தீன் சாமியார் ரசித்து ரசித்துச் சொல்வார். 'நீ நலமென்றால் நல்லது, நான் நலம்' என்றுதான் ரோமர்கள் ஆரம்பிப்பார்களாம். நம் 'நலம், நலமறிய அவா'தான், வேறொன்றுமில்லை. மடத்துக்காரர்கள் கடிதத்தை ஐந்தாகப் பிரித்தார்கள். முதலில் வணக்கம். பிறகு படிப்பவர் மனம் குளிர நாலு வார்த்தை. மூன்றாவது நடந்த சங்கதி. நான்காவதாகத்தான் வேண்டுகோள், அப்புறம் முடிவு. எடுத்த எடுப்பில் எதையும் கேட்டுவிடக் கூடாது. ரோமர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. கடிதம் போய்ச் சேர நாளாகும் என்பதால், படிக்கிறவனின் நாளில் நின்றுகொண்டு, இப்போது நடப்பதையும் முடிந்துபோனதாக எழுதுவார்கள். 'எழுதுகிறேன்' என்பதை 'எழுதிக்கொண்டிருந்தேன்' என்பார்கள். இது எனக்குத் தலைக்கேறிவிட்டது.

மாதம் ஒரு ஞாயிறு அம்மா பார்க்க வருவாள். முகத்தைப் பார்த்து, 'என்னைக் கூட்டிக்கொண்டு போ' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு இன்லேண்ட் லெட்டர் வாங்கி, கற்ற வித்தையையெல்லாம் தமிழில் இறக்கினேன். மூன்றாம் பகுதி இப்படிப் போனது: 'நான் பூந்தமல்லியில் இருந்தேன். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.' நான்காம் பகுதியில், வீட்டுக்கே வந்துவிட அனுமதி கேட்டேன். பிரமாதமாக வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு அக்காதான் படித்துக் காட்டுவாள். 'இருந்தேன்' என்றதுமே அம்மா எழுந்து நின்றுவிட்டாளாம். பஸ் என்ற சொல் வந்ததும், பிள்ளை ஏறிப் போயே விட்டான் என்று முடிவு கட்டிவிட்டாள். அதற்கு மேல் கேட்கப் பொறுக்காமல் அக்கா கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தோம். கேட்டில் அழுகைச் சத்தம். வேலைக்குக் கட்டும் பழைய சேலையும் அவிழ்ந்த கொண்டையுமாக, லத்தீன் சாமியாரின் அங்கியைப் பிடித்துக்கொண்டு, தன் பிள்ளை எந்தப் பக்கம் போனான் என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். என் முதல் நினைப்பு, மற்றவர்கள் பார்க்கிறார்களே என்பதுதான். தூணுக்குப் பின்னால் ஒதுங்கக்கூடப் பார்த்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் எரிகிறது. அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். பிரதர் எல்லாம் காற்றில் போய்விட்டது.

"இர்ந்தேன்னு எய்திக்கீறியேடா. இப்போ கீறியா இல்லியா?"

என் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள். வரிசையில் எவனோ சிரித்தான். சாமியார் அவள் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, நின்ற இடத்திலேயே கடைசிவரை படித்தார். நான்காம் பகுதியில் அவர் கண் கொஞ்சம் நின்றது எனக்குத் தெரிந்தது. அதை மடித்து, அம்மாவிடம் தராமல் என்னிடம் தந்தார்.

"காலம் சரியாத்தான் போட்டிருக்கீங்க, பிரதர். படிக்கிற ஆள்தான் தப்பு," என்றார்.

சொல்லிவிட்டுச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். நானே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று எனக்கு விட்டுக்கொடுத்த இடம் அது. ஆனால் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தாள். பிள்ளை இருக்கிறான், அவளுக்கு வேறென்ன வேண்டும். இங்கேதான் இருக்கிறேன், எங்கே போகப் போகிறேன் என்று சொல்லி அவளை பஸ் ஏற்றி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எல்லாக் கடிதத்திலும் 'சந்தோஷமாக இருக்கிறேன்' என்றே எழுதினேன். இலக்கணம் சரி, விஷயம் பொய். இப்படியே வருஷங்கள் ஓடின. தொண்ணூறு பிறந்த பிறகு ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் டிரங்குப் பெட்டியோடு பாடி வீட்டு வாசலில் போய் நின்றேன். அம்மா திட்டவில்லை. பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே இழுத்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"புடிக்கலன்னா அன்னிக்கே ஒரு லெட்டர் எய்திருக்கக் கூடாதா, நைனா?"

அந்த இன்லேண்ட் லெட்டர் பெட்டிக்குள்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வெட்கமாக இருந்தது.